எதிர்பாராத் துயரத்தில் முதுநிலைச் சான்றிதழ்

பெங்களூர் அல்சூரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாகச் சந்திரம்மா பார்த்துவந்த வேலைக்கு அவளுக்குத் தகுதி கிடையாது என்பது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தெரியவந்தது. அதுவரை அது அவளுக்கும் தெரியாது, ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கும் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே நான்காம் எண் அறை அவளுடையது. உள்ளே யாராவது இறந்துபோனால் டாக்டர் வெளியே வந்து இரண்டு வாக்கியம் சொல்வார். மூன்றாவது வாக்கியம் நர்ஸுக்கு: "சந்திரம்மாவைக் கூப்பிடுங்க." மிச்சமுள்ள எல்லா வாக்கியங்களும் சந்திரம்மாவுடையவை. அவள் அவர்களை உட்காரவைப்பாள். வெந்நீர் கொடுப்பாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு முதலில் போன் போடணும், வண்டி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். "கொஞ்சம் முன்னாடியே கூட்டினு வந்திருக்கணுமோ?" என்று யாராவது தலையில் அடித்துக்கொண்டால், கையைப் பிடித்துக் கீழே இறக்கி, "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்பாள். தமிழில் சொல்வாள், கன்னடத்தில் சொல்வாள், எல்லா மொழிக்காரர்களும் கலந்து வாழும் பக்கத்து மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள் ஆதலால் தேவைப்பட்டால் உருதுவிலும் சொல்வாள். தபால் வழியில் படித்த எம்.ஏ. உளவியல் பட்டம் ஒன்றும் அவளிடம் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிர்வாக அதிகாரி ரகு அவளைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார்.

"சந்திரம்மா, தப்பா நினைக்காதீங்க. எம்.ஏ.ங்கறது பொதுப் படிப்பு. இப்ப ரூல்ஸ் மாறிடுச்சு. ஒவ்வொரு கஷ்டத்துக்கும் தனித்தனியா ஸ்பெஷல் சர்டிபிகேட் வேணுமாம். அது இல்லாதவங்க அந்தச் சேர்ல உக்காரக்கூடாது."

"நின்னுகினு பேசலாமா சார்?"

ரகு சுற்றறிக்கையை ஒரு முறை மேலிருந்து கீழே படித்தார். "அதைப் பத்தி ஒண்ணும் போடல. ஆனா ஆறு மாசந்தான் டைம். ஸ்வல்ப சீக்கிரம் சேந்துடுங்க."

இந்திரா நகரில், சோபா விற்கும் கடைக்கு மேலே நான்காவது மாடியில், ஸ்வஸ்திமதி முதுநிலை ஆலோசனைக் கல்விக் கழகம் இருந்தது. அங்கே முப்பத்தொரு சான்றிதழ்கள் கிடைத்தன. கணவன் மனைவி சண்டைக்கு ஒன்று இருக்கும் என்றுதான் சந்திரம்மா நினைத்திருந்தாள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று மூன்று இருந்தன. பதின்பருவம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஒரு சான்றிதழ், பதினாறிலிருந்து இன்னொன்று. சாவுக்கு மட்டும் ஐந்து: எதிர்பார்த்த துயரம், எதிர்பாராத் துயரம், சிக்கலான துயரம், அலுவலகத் துயரம், வளர்ப்புப் பிராணித் துயரம்.

"எனக்கு எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு வேணும் மேடம்" என்றாள் சந்திரம்மா.

கழகத்தின் இயக்குநர் டாக்டர் நிருபமா பருத்திப் புடவையும் பெரிய வெள்ளி வளையலும் அணிந்தவர். அவர் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. யாராவது ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர்களை மன்னித்து முடித்த பிறகுதான் பதில் சொல்வார்.

"எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணுன்னா, அதுக்குப் பேர் அனுபவம். அதுக்கு நாங்க சர்டிபிகேட் குடுக்கறதில்ல. நீங்க ஒரு துயரத்தைத் தேர்ந்தெடுங்க."

ஆஸ்பத்திரியில் எதிர்பாராமல் சாகிறவர்கள்தான் அதிகம் என்று யோசித்து, சந்திரம்மா எதிர்பாராத் துயரத்தில் சேர்ந்தாள். எடுத்துக்கொண்ட துயரத்தைத் தவிர வேறெந்தத் துயரத்துக்கும் ஆறுதல் சொல்லமாட்டேன் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கட்டணத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அந்தக் கழகம் எளிய மொழியில் பேசிய விஷயம் அது ஒன்றுதான்.

உறுதிமொழியின் நகல் ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. அடுத்த வாரமே, சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த ஒரு பெரியவர் இறந்தார். அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சந்திரம்மா எழுந்து போகையில் ரகு ஓடிவந்து தடுத்தார்.

"இருங்க, இருங்க. இது எதிர்பார்த்த சாவா, எதிர்பாராத சாவா?"

"ரெண்டு மாசம் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருந்தார் சார். மூணே வாரத்துல போயிட்டாரு."

ரகு விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த அம்மாள் அழுவதைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியிருந்தது. "அப்ப அஞ்சு வாரம் எதிர்பாராதது. அந்த அஞ்சு வாரத்துக்கு மட்டும் நீங்க பேசலாம்" என்றார்.

வகுப்புகள் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பாதிப் பேர் மென்பொருள் கம்பெனிகளின் மனிதவளத் துறையிலிருந்து வந்தவர்கள். சந்திரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஹரிஷ் உட்கார்ந்தான். கோயம்புத்தூர்க்காரன், பெங்களூருக்கு வந்து நான்கு வருஷம், ஒரு கம்பெனியில் ஆட்களை வேலையிலிருந்து அனுப்பும் பொறுப்பில் இருந்தான். "அனுப்பறப்ப அழறாங்க மேடம். அதான் கம்பெனியே படிக்கச் சொல்லிடுச்சு" என்றான். மறுபக்கத்து நாற்காலியில் ஸ்னேஹா. ஈரோட்டுப் பெண், இருபத்தாறு வயது, மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏன் விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. சுயவிவரம் கேட்பதற்கான பாடம் நாலாவது மாதத்தில்தான் இருந்தது.

முதல் மாதம் முழுக்க 'ம்' சொல்லப் பழகினார்கள். ஏற்கும் ம், அழைக்கும் ம், முடிக்கும் ம் என்று மூன்று வகை. சந்திரம்மா மூன்றிலும் தேறவில்லை. எதிரே மாணவர் ஒருவர் மனைவியை இழந்தவராக நடித்தபோது அவள் வாயிலிருந்து "ஐயோ" என்று வந்துவிட்டது.

நிருபமா வகுப்பை நிறுத்தினார். "சந்திரம்மா, ஐயோங்கறது ஒரு அபிப்பிராயம். ஐயோன்னு சொன்னா நீங்க அவங்க பக்கம் சேந்துட்டீங்கன்னு அர்த்தம்."

"அவங்க பக்கந்தானே மேடம் இருக்கணும்?"

"அது சொந்தக்காரங்க வேலை. நாம தொழில் தெரிஞ்சவங்க. நாம எந்தப் பக்கமும் இல்ல."

தோளைத் தொடுவதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்று அடுத்த வாரம் கற்றுக்கொண்டார்கள். அனுமதிப் படிவம் நான்கு பக்கம்.

வீட்டுப் பாடத்துக்கு அவளுடைய கணவர் வெங்கடசாமிதான் வாடிக்கையாளர். கழகத்தில் அழ வருகிறவரை வாடிக்கையாளர் என்றுதான் சொல்ல வேண்டும். வெங்கடசாமி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, லுங்கியை மாற்றிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

"என் பொண்டாட்டி பூட்டா மேடம்."

"ம்."

"இருபத்திரண்டு வருஷம் குடும்பம் பண்ணோம்."

"ம்."

"இன்னாடி இது? பொண்டாட்டி செத்துட்டான்றேன், ம்முன்ற? அந்த ஆளு இன்னா நினைப்பான்?" என்று அவர் சிரிக்க, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் வீணா உள்ளேயிருந்து சிரிக்க, சந்திரம்மாவும் கையேட்டை மூடிவிட்டுச் சிரிப்பாள்.

ஐந்தாம் பாடம் முடிந்த வாரம், வியாழக்கிழமை காலை, வெங்கடசாமி தெருக்குழாயில் பக்கெட் பிடித்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மார்பில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வீணா ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். ஆறு நிமிஷத்தில் சந்திரம்மா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். இருபது நிமிஷம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். தரையைப் பார்த்தபடியே இரண்டு வாக்கியம் சொன்னார். பழக்கத்தில் நர்ஸ் பக்கம் திரும்பி, "சந்திரம்மாவைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்தார். எதிரே நிற்பது யார் என்று அப்போதுதான் பார்த்தார். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்த வாக்கியம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கல்பள்ளி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை காலை அங்கே பால் தெளித்துக்கொண்டிருக்கும்போது சந்திரம்மாவின் கைப்பைக்குள் போன் இரண்டு முறை அதிர்ந்தது. வீடு வந்து பார்த்தாள். "அன்பு மாணவரே, ஆறாம் பாடத்துக்கு நீங்கள் வரவில்லை. பாடத்தின் தலைப்பு: இழப்புக்குப் பின் முதல் எழுபத்திரண்டு மணி நேரம். இது கட்டாயப் பாடம். உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்."

தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று விதி இருந்தது. அடுத்த சனிக்கிழமை, காரியம்கூட முடியாத நிலையில், சந்திரம்மா கிளம்பினாள்.

"இப்பப் போகணுமாம்மா?" என்றாள் வீணா.

"பேரை எடுத்துட்டாங்கன்னா வேலை போயிடும். இனி என் வேலை ஒண்ணுதான்டி இருக்கு." வேன் வாசலில் பாதி கழுவியபடியே நின்றது. அதைப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.

நிருபமா அவளைத் தன் அறையில் உட்காரவைத்தார். மேஜையில் ஒரு சிறு நீரூற்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நடந்ததைக் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். ஆனா சந்திரம்மா, நீங்க தவறவிட்டது ரொம்ப முக்கியமான வகுப்பு."

"மேடம், அந்த எழுபத்திரண்டு மணி நேரந்தான் மேடம் எனக்கு வீட்டுல..."

"புரியுது. ஆனா நீங்க அதை மேற்பார்வை இல்லாம அனுபவிச்சுட்டீங்க. அதைப் பாடமா கணக்குல எடுக்க முடியாது. துக்கத்துக்கு லீவு குடுங்கன்னு பசங்க கேக்கறாங்க. நான் சொல்றது, கணக்கு வாத்தியார் கணக்குக்கு லீவு கேப்பாரா? துக்கம் நம்ம பாடம். நாமளே அதைச் சாக்காச் சொன்னா, வெளியில நம்மள யார் நம்புவாங்க?"

சந்திரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிருபமா ஒரு ஏற்கும் 'ம்' சொன்னார். பிறகு முன்னால் சாய்ந்தார்.

"ஒரு வழி இருக்கு. நம்ம மாணவர்கள் எல்லாரும் உண்மையான வாடிக்கையாளர்கிட்ட பயிற்சி எடுக்கணும்னு விதி. உண்மையான எதிர்பாராத் துயரம் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? போன பேட்ச்ல நாடகக்காரங்களை வெச்சு ஓட்டினோம். நீங்க நம்ம பேட்ச்சுக்கு வாடிக்கையாளரா இருந்தா, அந்த மணி நேரம் எல்லாம் உங்க வருகைப் பதிவுல சேரும். உங்களுக்கும் ஆறுதல் கிடைச்ச மாதிரி இருக்கும். யோசிங்க. முப்பத்தேழு பேர்! பெங்களூர்ல எந்த விதவைக்கு இவ்வளவு ஆறுதல் கிடைக்கும்?"

ஒப்புதல் படிவம் பதினொரு பக்கம். அன்று மாலையே கண்ணாடித் தடுப்புப் போட்ட ஓர் அறையில் அவளை உட்காரவைத்து, தலைக்கு மேலே கேமரா ஒன்றைத் திருப்பிவிட்டார்கள்.

ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம். முதலில் வந்த பெண், "இழந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள். சந்திரம்மா சொன்னாள். வேன், பக்கெட், மார்பில் வைத்த கை. சொல்லும்போது குரல் உடைந்து அழுதாள். அந்தப் பெண் நன்றாகவே 'ம்' சொன்னாள். இருபதாவது நிமிஷத்தில் மணி அடித்தது. அடுத்தவர் வந்தார். இழந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள். வேன், பக்கெட், கை.

மூன்றாவதாக ஹரிஷ் வந்தான். "மேடம், துக்கம் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் போட்டா, இப்ப எத்தனைல இருக்கும்?"

"தெரியலயே தம்பி."

"எட்டுன்னு போட்டுக்கட்டுமா? நான் பேசி முடிச்சப்புறம் ஆறுக்கு வரணும். அப்பதான் எனக்கு மார்க்." நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் மறுபடி கேட்டான். சந்திரம்மா அவன் முகத்தைப் பார்த்து, பாவம் என்று ஆறு சொன்னாள்.

துக்கத்துக்குப் பல நிலைகள் உண்டு, வாரத்துக்கு ஒன்று என்று கையேடு பிரித்திருந்தது; அடுத்த சனிக்கிழமை மறுப்பு நிலை. அதற்கடுத்தது கோப நிலை. அன்று சந்திரம்மாவுக்குக் கோபம் வரவில்லை, தலைவலிதான் இருந்தது. "மேடம், நாங்க அஞ்சு பேரு கோபத்துக்காகவே வந்திருக்கோம். கொஞ்சம் பாருங்க" என்று ஒருவர் கெஞ்சினார். அவள் கொஞ்சம் கோபப்பட்டுக் காட்டினாள். அது இயல்பாக இல்லை என்று குறித்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது ஆளிடமோ இருபதாவது ஆளிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது சந்திரம்மா ஒன்றைக் கவனித்தாள். அவள் வாய் பேசிக்கொண்டிருந்தது, அவள் பேசவில்லை. சிவாஜி நகர் பஸ்ஸில் கண்டக்டர் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டு வருவதுபோல வேன், பக்கெட், படி, ஆட்டோ என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து வெங்கடசாமியை நினைத்துப் பார்த்தாள். முகம் வருவதற்கு முன்னால் "இழந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற குரல் வந்தது. அழுகை வரவில்லை. அவருடைய சட்டையை எடுத்து மூஞ்சியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தன்னோடு இருந்த மனுஷனை நாலு சனிக்கிழமையில் ஊர் பேர் தெரியாதவர்கள் இருபது நிமிஷம் இருபது நிமிஷமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் கோபம் வந்தது. கோப நிலையின் சனிக்கிழமை முடிந்துபோயிருந்தது.

பருவத்தின் கடைசியில் தர நிர்ணயக் குழு வந்தது. மூன்று பேர். வாசலில் ரங்கோலி போட்டு, ஆளுக்கொரு மைசூர் தலைப்பாகை வைத்து, சந்தன மாலை போட்டார்கள். குழுவின் முன்னால் ஒரு நேரடி ஆலோசனை நடத்திக் காட்ட வேண்டும். ஆலோசகராக ஸ்னேஹாவை நிருபமா தேர்ந்தெடுத்தார். அவளுடைய 'ம்' கழகத்திலேயே சிறந்தது. வாடிக்கையாளர் வழக்கம்போல் சந்திரம்மா.

"இழந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள் ஸ்னேஹா.

சந்திரம்மா ஆரம்பித்தாள். படிக்கு வந்தாள், ஆட்டோவுக்கு வந்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல என்னைத் திரும்பிப் பாத்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு. அதுக்குள்ள உள்ள கொண்டுபோயிட்டாங்க" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனாள்.

'ம்' வரவில்லை. சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஸ்னேஹா கையேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போன் பண்ணாங்க" என்றாள் ஸ்னேஹா. "மூணு தடவை பண்ணாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். கட் பண்ணிட்டேன். மூணு தடவையும் கட் பண்ணிட்டேன்..." பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் யாரும் அப்படி அழுததில்லை. கீழே சோபாக் கடையிலிருந்து ஒருவர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முப்பத்தாறு மாணவர்களும் கையேட்டைத் திறந்தார்கள். வாடிக்கையாளர் அழுதால் என்ன செய்வது என்று ஒரு அத்தியாயம் இருந்தது. ஆலோசகர் அழுதால் என்ன செய்வது என்று இல்லை. "அது சிக்கலான துயரம்போல இருக்கு, நம்ம பிரிவு இல்ல" என்று ஹரிஷ் மெதுவாகச் சொன்னான். நிருபமா, "இடைவெளி குடுங்க, அவங்களுக்கு இடைவெளி குடுங்க" என்றார். எல்லாரும் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இது செயல்விளக்கத்தில் சேர்ந்ததா என்று குழுத் தலைவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

சந்திரம்மா எழுந்தாள். "ஐயோ, கண்ணு" என்றாள். நான்கு பக்க அனுமதி எதுவும் வாங்காமல் ஸ்னேஹாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அம்மான்னா அப்படித்தான் கண்ணு மூணு தடவை போடுவாங்க. கோபத்துல போடல. உன் குரலைக் கேக்கத்தான் போட்டிருப்பாங்க. நீ வேலையா இருப்பேன்னு அவங்களுக்குத் தெரியாதா?" ஸ்னேஹாவின் அழுகை பெரிதாகி, தேம்பலாகி, கடைசியில் மூச்சாக மாறியது. பத்து நிமிஷம் ஆயிற்று. யாரும் மணி அடிக்கவில்லை. குழு உறுப்பினர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி மாட்டிக்கொண்டு, மதிப்பெண் தாளில் ஏதோ குறைத்தார்.

மறுநாள் நிருபமா அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறிக்கை வந்திருந்தது. வாடிக்கையாளராக: திருப்தியில்லை, வாடிக்கையாளர் தன் நிலையின் எல்லையை மீறி ஆலோசகருக்கு ஆறுதல் கூறினார். மாணவராக: தேர்ச்சியில்லை, உறுதிமொழிக்கு மாறாகச் சிக்கலான துயரத்தில் தலையிட்டார். ஸ்னேஹா படிப்பை நிறுத்திக்கொண்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா மேடம்?"

"அது இங்க கேள்வி இல்ல சந்திரம்மா." நிருபமாவின் குரலில் கோபம் துளியும் இல்லை. "நீங்க நல்லவங்க. அதுதான் பிரச்சினையே. நான் இருபது வருஷமா இந்தத் துறையைக் கட்டிட்டு வரேன். யாரு வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் ஆறுதல் சொல்லலாம்னு ஆயிட்டா, ஆறுதலுக்கு என்ன மரியாதை? அழறவங்களைப் பாத்தா கட்டிப்பிடிக்கறது தெருவுல எல்லாரும் செய்யறதுதான். தெருவுல எல்லாரும் செய்யறதை நாங்க எப்படிக் கத்துக்குடுக்க முடியும்?"

ஹரிஷ் முதல் வகுப்பில் தேறினான். எட்டிலிருந்து ஆறு என்ற அவனுடைய பதிவு கழகத்தின் ஆண்டு மலரில் வந்தது. அவனுடைய கம்பெனியில் ஆட்களை அனுப்பி முடித்த பிறகு அவனையும் அனுப்பிவிட்டார்கள். அதனால் அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். அல்சூர் ஆஸ்பத்திரியில் நான்காம் எண் அறை காலியாக இருந்தது.

ரகு மனசு கேட்காமல் சந்திரம்மாவைப் பதிவேடுகள் பிரிவில் போட்டார். மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் வாங்கும் ஜன்னல். "அங்க யாராவது அழுதா ஒண்ணும் சொல்லிடாதீங்க. நாலாம் நம்பர் ரூம்னு கை காட்டிட்டாப் போதும்" என்றார்.

ஹரிஷ் அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கட்டட வேலை பார்க்கும் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ராய்ச்சூர்ப் பக்கத்து ஆள். அவருடைய மனைவியை நான்காம் எண் அறைக்கு அழைத்துப் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் ஹரிஷ் சந்திரம்மாவின் ஜன்னலுக்கு ஓடிவந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"மேடம், அவங்க கன்னடத்துல அழறாங்க."

ரகு வரவழைக்கப்பட்டார். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். ஆலோசகரின் நாற்காலியில்தான் சந்திரம்மா உட்காரக்கூடாது; மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாக ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். பதிவேட்டில் ஆலோசகர் என்ற இடத்தில் ஹரிஷின் பெயர் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். பதினான்கு வருஷம் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு சாண் கீழே, சந்திரம்மா உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. சாரத்துக்குக் கீழே அவளும் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இழந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்னு கேளுங்க மேடம்" என்றான் ஹரிஷ்.

சந்திரம்மா கன்னடத்தில் கேட்டாள்: "ஊர்ல யாருக்கும்மா முதல்ல சொல்லணும்? நம்பர் தெரியுமா?"

அந்தப் பெண் தலையை ஆட்டி, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். கொழுந்தன் நம்பர். பிள்ளைகள் இரண்டும் அவன் வீட்டில் இருக்கிறதாம்.

"என்ன சொல்றாங்க?"

"நல்ல மனுஷன்னு சொல்றாங்க சார்."

ஹரிஷ் எழுதிக்கொண்டான். "இப்ப உங்க உணர்வு எப்படி இருக்குன்னு கேளுங்க."

"காலையிலேர்ந்து தண்ணியாவது குடிச்சியாம்மா? உடம்பை ஊருக்குக் கொண்டுபோகணும்னா வண்டிக்கு நான் பேசறேன். மேஸ்திரி வெளியில நிக்கறானா? எந்தக் காகிதத்துலயும் அவன் சொன்னான்னு கைநாட்டு வெச்சுடாதே. என்கிட்ட கொண்டா, நான் படிச்சுச் சொல்றேன்."

அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். அழுதுகொண்டே நெடுநேரம் பேசினாள். ஹரிஷ் சரியான இடங்களில் 'ம்' சொன்னான். சந்திரம்மா ஸ்டூலை முன்னால் இழுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்; சிமெண்ட் அவள் விரல்களிலும் ஒட்டியது. பேச்சு ஓய்ந்ததும் அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் தன்னோடு இருக்கும் இந்த அம்மாள் யார் என்று அப்போதுதான் பார்ப்பவளைப்போலப் பார்த்தாள். சந்திரம்மாவின் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"நிம்ம மனேயவரு?" என்று கேட்டாள். உங்க வீட்டுக்காரர்?

கேமரா இல்லை. மணி இல்லை. எந்த நிலைக்கும் அந்தப் பதில் யாருக்கும் தேவைப்படவில்லை. சந்திரம்மா சொல்ல வாயெடுத்தாள். வேனும் பக்கெட்டும் வரவில்லை. "ஹோதுரு" என்ற ஒரு சொல்தான் வந்தது. போயிட்டார். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தப் பெண் தன் இன்னொரு கையைக் கொண்டுவந்து அவள் கைமேல் வைத்தாள்.

"மேடம்? என்ன கேக்கறாங்க?" என்றான் ஹரிஷ்.

"ஒண்ணுமில்ல சார். மணி என்னன்னு கேக்கறாங்க."

ஹரிஷ் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபது. அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டான்.